பவுடர் பூசிக் கத்திரிக்காய் விற்ற நாள்

அன்றைக்கு என்னைப் பார்க்க வருகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. ஆணா பெண்ணா, எத்தனை பேர், எந்த நேரத்துக்கு வருவார்கள், எதுவும் தெரியாது. அவர்கள் விழுப்புரம் சந்தைக்கு வருவார்கள், காய் வாங்க வந்தவர்களைப் போல என் எதிரில் நிற்பார்கள், என்னைப் பார்த்துவிட்டுப் போவார்கள். இவ்வளவுதான் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

எங்கள் ஊர் விழுப்புரத்திலிருந்து கெடாருக்குப் போகிற சாலையில் இருந்தது. கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, ஓரத்தில் கத்திரியும் வெண்டையும் வைப்போம். கரும்பும் மல்லாட்டையும் அப்பாவின் பொறுப்பு. காய்கறியைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பது அம்மாவும் நானும். பத்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றதிலிருந்து நான் சந்தைக்குப் போகாத வாரம் கிடையாது. அம்மாவுக்கு இளைப்பு நோய், சத்தம் போட்டு விற்க முடியாது. எனக்கு நல்ல தொண்டை. "பிஞ்சுக் கத்திரிக்கா, விதையில்லாத கத்திரிக்கா" என்று ஒரு குரல் கொடுத்தால், அலுமினியப் பாத்திரம் விற்கிற கோடி வரைக்கும் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் குரலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

எண்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் பேச ஆரம்பித்தார்கள். முதலில் முகையூர் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். பெண் நிறம் கம்மி என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்து காணையிலிருந்து வந்தவர்கள் அதையும் சொல்லவில்லை, அப்படியே இருந்துவிட்டார்கள். ஜமுக்காளம் ஒரு வீட்டில், எவர்சில்வர் தட்டு இன்னொரு வீட்டில் என்று இரவல் வாங்கித்தான் பெண் பார்க்க வந்தவர்களை உட்கார வைத்தோம். ஆகவே தெரு முழுக்க விஷயம் தெரியும். தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்த வீட்டம்மா, "என்னா ஆச்சு?" என்று கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் திரும்பி வந்தேன். அதற்கப்புறம் அப்பா டீக்கடைப் பக்கமே போகவில்லை.

மூன்றாவது இடத்தைக் கொண்டுவந்த தரகர் ஒரு வழி சொன்னார். அவர் அப்பாவுக்கு மச்சான் முறை. திண்டிவனத்தில் நல்ல குடும்பம், பையன் ஆயில் மில்லில் வேலை பார்க்கிறான், முதலில் அக்காவும் மாமாவும் பார்த்துப் பிடித்தால்தான் பையனையே கூட்டி வருவார்களாம்.

"ஊட்டுக்கு வந்தாத்தான மாமா ஊரு பாக்குது? சந்தையில பாக்கட்டும். காய் வாங்கற மாதிரி வருவாங்க, பாப்பாங்க. புடிச்சிருந்தா ஊட்டுக்கு இட்டுக்கினு வர்றேன். புடிக்கலன்னா ஈ காக்காய்க்குத் தெரியாது" என்றார்.

"யாரு, எப்படி இருப்பாங்கன்னு சொல்லிட்டுப் போங்கண்ணே" என்று அம்மா கேட்டாள்.

"வேணாம்மா. சொல்லிட்டா உங்க மூஞ்சே காட்டிக் குடுத்துடும். சும்மா இயல்பா இருங்க."

 அப்பா, "யாருக்கும் தெரியாதில்ல?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்று தரகர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.  தட்டு இரவல் வாங்க வேண்டாம் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இயல்பாக இருக்கச் சொன்னார் தரகர். ஆனால் அம்மாவால் அப்படி விட முடியவில்லை. விடியற்காலையில் எழுப்பி எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிக்க வைத்தாள். கல்யாணங்களுக்கு மட்டும் கட்டுகிற ரோஸ் நிற நைலக்ஸ் புடவையை எடுத்துக் கொடுத்தாள். பிறகு பவுடர் டப்பாவைத் திறந்து உள்ளங்கையில் கொட்டி, என் முகத்திலும் கழுத்திலும் அவளே பூசினாள். நிறம் கம்மி என்ற சொல் அவள் மனதில் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பது அவள் கை அழுத்திய விதத்தில் தெரிந்தது.

"யம்மா, சந்தைக்குத்தான போறோம், போதும்மா" என்றேன்.

"நீ சும்மா இரு" என்றாள்.

பஸ்ஸில் கூடைகளைக் கூரைமேல் ஏற்றினோம். கண்டக்டர் வாரா வாரம் பார்க்கிற ஆள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னாம்மா, காயி சந்தைக்கு, பொண்ணு கல்யாணத்துக்கா?" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பினாலும் என்னை ஒளித்துக்கொள்ள முடியாத நிறம் அந்தப் புடவைக்கு.

பங்குனி வெயில். சந்தையில் எங்கள் இடத்துக்கு நிழல் கிடையாது. சாக்கை விரித்துக் கத்திரிக்காயைக் கூறு கட்டினேன். பக்கத்தில் வழக்கம்போல் மிளகாயும் கறிவேப்பிலையும் விற்கிற அக்கா உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு வெகுநாள் பழக்கம். ஒருவர் கடையை மற்றவர் பார்த்துக்கொள்வோம். அவள் என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

நான் குரல் கொடுக்க ஆரம்பித்ததும் அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். "இன்னிக்கி கத்தாத. வாயாடின்னு நெனைச்சிக்குவாங்க. நான் கூப்புட்றேன்."

அம்மா கூப்பிட்டது எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. இரண்டு முறை கூப்பிட்டு இருமினாள். காய் அப்படியே இருந்தது. பேரமும் பேசக் கூடாது என்று சொல்லியிருந்தாள். ஆகவே வந்தவர்கள் கேட்ட விலைக்கே கொடுத்தேன், கொசுறும் அள்ளிப் போட்டேன். நடுத்தர வயதுப் பெண் யார் வந்து நின்றாலும் இவள்தான் அந்த அக்காவோ என்று தலையைக் குனிந்துகொள்வேன். ஒரு பெரியவர் சும்மா நின்று பீடி பற்றவைத்ததற்குக்கூட அம்மா என் தோளை இடித்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்யச் சொன்னாள். அவர் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டார். வியர்வையில் பவுடர் கழுத்து வழியாகக் கோடு கோடாக இறங்கியது. துடைத்தால் திட்டுத் திட்டாகத் தெரியும். துடைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

உச்சி வேளைக்குக் கொஞ்சம் முன்னால் அந்த அம்மா வந்தாள். பருமனான உடம்பு, மூக்கில் இரண்டு பக்கமும் கல்வைத்த மூக்குத்தி, கையில் பெரிய ஒயர் கூடை. என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு கத்திரிக்காயை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தாள். அப்புறம் காயை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எந்த ஊரும்மா?"

சொன்னேன்.

"சமைக்கத் தெரியுமா?"

அம்மா பின்னாலிருந்து என் இடுப்பைக் கிள்ளினாள். "நல்லா செய்யும்க்கா. கொழம்பு, பொரியல் எல்லாம் அதான் செய்யும்" என்று அவளே பதில் சொன்னாள்.

"ஊட்ல எத்தினி பேரு?"

"நாங்க ரெண்டு பேரு, இது, இதுக்குக் கீழ ஒரு தம்பி. அவ்ளோதாங்க. எந்தப் பிக்கல் பிடுங்கலும் கெடையாது."

"கல்யாணம் ஆவல?"

"பாத்துக்கினு இருக்கோம்" என்ற அம்மாவின் குரலில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

"உடம்புக்கு ஏதாவது உண்டா? இழுப்பு கிழுப்பு?"

"எனக்குத்தான் இருக்குதுங்க. இதுக்கு ஒண்ணியும் கெடையாது. ஒரு நாளு காய்ச்சல்னு படுத்ததில்ல."

"கொஞ்சம் எழுந்திரு, பாக்கலாம். அந்தப் பின்னால இருக்கற கூடையத் தூக்கிக்கினு வா."

எழுந்தேன். பின்னால் இருந்த நிறைந்த கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு அடி நடந்து வந்தேன். அவள் என் கையையும் காலையும் பார்த்தாள். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். மிளகாய் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அவள் எதிர்வரிசையில் வாழைப்பழம் விற்கிறவளிடம் கண்ணால் ஏதோ சொன்னாள், அவள் அடுத்தவளிடம் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அந்த வரிசையில் யாரும் விற்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையை ஆட்டினாள். காதெல்லாம் கொதித்தது. அதே சமயம், இதை மறைக்க வேண்டியதில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. கடைசியில் ஒருத்தி என்னை நிறுத்திப் பார்த்துவிட்டு முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருக்கிறாளே என்று.

அம்மா நல்ல பிஞ்சாகப் பொறுக்கி அந்த ஒயர் கூடை நிறையப் போட்டாள். அந்த அம்மா பணத்தை எடுத்தபோது, "இருக்கட்டும் அண்ணி, என்னா அவசரம்" என்றாள் என் அம்மா. அண்ணி என்று கூப்பிட்டதை அந்த அம்மா ஆச்சரியமாகப் பார்த்தாள். அதற்குள் அம்மா ஒரு பையனைக் கூப்பிட்டு பாட்டில் கலர் வாங்கிவரச் சொல்லிவிட்டாள். ஆரஞ்சுக் கலர் வந்தது. அந்த அம்மா வெயிலில் வந்தவள், சந்தோஷமாக வாங்கிக் குடித்தாள். குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"தங்கமான மனுஷியா இருக்கற. ஒனக்கு சம்மதம்னா நாளைக்கே அனுப்பும்மா. டேசனாண்ட மெஸ் வெச்சிருக்கேன். மாவாட்ட, காய் நறுக்க ஒரு பொண்ணு வேணும்னு மாசக் கணக்கா தேடிக்கினு இருக்கேன். வர்றதெல்லாம் பாத்திரம் தூக்க முடியலன்னு ஓடிப்போவுது. மூணு வேளையும் சோறு போட்டுட்றேன். ராத்திரிக்கு அங்கியே படுத்துக்கலாம், என் பொண்ணு மாதிரி பாத்துக்குவேன்."

 பிறகு எதிர்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குப் போனது. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. காலி பாட்டிலைக் கையில் வாங்கியவள் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நாங்க சொந்த நெலம் வெச்சி பயிர் பண்றவங்க" என்றாள் கடைசியில். சத்தமே வரவில்லை.

மெஸ்காரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அதுக்கு என்னாம்மா? கேட்டுத்தான வெக்கறேன். புடிக்கலன்னா வுடு" என்று எழுந்தாள். காய்க்குப் பணத்தைச் சாக்கின்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

எனக்கு அப்போது அழுகை வரவில்லை. நின்றுகொண்டிருந்தேன், உட்காரத்தான் தெரியவில்லை. மிளகாய் அக்கா வந்து என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். சிரித்தவர்களைப் பார்த்து, "என்னாடி பல்லக் காட்றீங்க, உங்க வேவாரத்தப் பாருங்க" என்று கத்தினாள். அவள் கத்தாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். அதுவரை கவனிக்காமல் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

உண்மையில் வர வேண்டியவர்கள் இன்னும் வரவில்லை, அதற்காகவாவது அழக் கூடாது என்று அம்மா காதருகில் சொன்னாள். ஆகவே சாயங்காலம் வரைக்கும் அதே புடவையில், அதே பவுடரில் உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. அரைக் கூடைக்கு மேல் காய் மிச்சம். அதோடு பஸ் ஏறினோம். வழியெல்லாம் அம்மா என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் தரகர் வந்தார். அப்பா கிணற்று மேட்டிலிருந்து வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். நான் சமையற்கட்டில் கேப்பை மாவு பிசைந்துகொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

"வந்தாங்க மாமா. எதிர்ல இருக்கற டீக்கடையில உக்காந்து பாத்துட்டு மூணு மணி பஸ்ஸுக்குப் போயிட்டாங்க."

"என்னா சொல்றாங்க?"

தரகர் தயங்கினார். அப்பா மறுபடி கேட்டதும் சொன்னார். "சந்தையில காய் விக்கற பொண்ணு இவ்ளோ மேக்கப் பண்ணிக்கினு உக்காந்திருக்குதே, தெனமும் இப்டித்தானா, யாருக்காவ இதெல்லாம்னு கேக்கறாங்க. யாரோ ஒரு அம்மா எழுந்து நடன்னதும் நடந்து வேற காட்டிச்சாம். எத்தினி பேருக்குக் காட்டினாங்களோன்னு பையனோட அக்கா சொல்லிடுச்சி."

யாருக்காக என்ற அந்த ஒரு சொல்லில் என் கை மாவிலேயே நின்றுவிட்டது. கறுப்பு என்று சொன்னபோது நிறத்தைத்தான் குறை சொன்னார்கள். இது அப்படியில்லை. அப்பாவின் முன்னால் இது சொல்லப்பட்டது.  தரகர் போனபிறகு அப்பா அம்மாவைப் பார்த்து, "பவுடரு பூசச் சொன்னது யாரு?" என்று கேட்டார். அம்மா பதில் சொல்வதற்குள், "நான்தான் பூசிக்கினேன்" என்றேன் உள்ளேயிருந்து. ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. அம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்திருப்பேன். அதனால் நடந்தது என்னவென்றால், அப்பா என்னோடு பல நாள் பேசவில்லை. அம்மாவும் உண்மையைச் சொல்லவில்லை.

அடுத்த சந்தைக்கு என்னை அனுப்பவில்லை. அப்பாவே அம்மாவுடன் போனார். அவருக்கு மண்டியில் கரும்பும் மல்லாட்டையும் பேசத் தெரியும், ஒரு கூறு கத்திரிக்காய்க்கு ஒரு பெண்ணிடம் வாயாடத் தெரியாது. முதல் போணிக்கே யாருடனோ சண்டை வந்துவிட்டதாம். பாதிக் காயோடு திரும்பி வந்து, மாட்டுக்குப் போடு என்று கூடையை இறக்கினார். அதற்கடுத்த வாரம், "நீயே போ" என்றார். அது அவர் மறுபடி என்னோடு பேசியது போலவும் இருந்தது, தண்டனை போலவும் இருந்தது.

போனேன். அம்மாவோடுதான். சாயம்போன வாயில் புடவை, கழுவிய முகம். ஆனால் குரல் வரவில்லை. கத்திரிக்காய் என்று வாயெடுத்தால், வரிசை முழுக்க அன்றைக்குப் போலவே திரும்பிப் பார்க்கும் என்று தோன்றும். சும்மா உட்கார்ந்திருந்தேன். வாழைப்பழம் விற்கிறவள், "என்னா, மெஸ்ஸுக்குப் போவலியா?" என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்டதாகத் தெரியவில்லை, விளையாட்டுக்குத்தான். ஆனால் மெஸ்ஸுக்காரி என்ற பெயர் எனக்கு ஒட்டிக்கொண்டது. புதிதாகக் கடை போட வந்தவளிடம், "மெஸ்ஸுக்காரி பக்கத்துல வெச்சிக்க" என்று இடம் சொல்லுகிற அளவுக்குப் போய்விட்டது.

நான் மறுபடி போன அந்த முதல் நாளே மெஸ்காரம்மாவும் வந்தாள். மிளகாய் அக்காவிடம் நின்று ஏதோ கேட்டாள். அவள் தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். அந்த அம்மா கூடையோடு அப்படியே நின்றுவிட்டாள். பிறகு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியாதும்மா. கலர் வாங்கிக் குடுத்தப்பவே, எதுக்குன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கணும். வெயிலு, குடிச்சிட்டேன். எனக்கும் ஒரு பொண்ணு இருக்குது" என்றாள். அவள் முகம் சிவந்திருந்தது. அம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அம்மா, "வுடுக்கா, நீ என்னா பண்ணுவ" என்றாள். அவளுக்குக் காய் அள்ளிப் போட்டது நான்தான். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் மன்னிப்புக் கேட்டது எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. அதற்குப்பிறகு அவள் எங்களிடம் வரவில்லை. கோபமில்லை, எங்களைத் தாண்டும்போது வேகமாக நடப்பாள். அவளும் என்னைப் போலத்தான் குனிந்துகொண்டு போகிறாள் என்பது எனக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது.

குரல் ஒரேயடியாகப் போய்விடவில்லை. மழைக்காலம் வந்தபோது, வெண்டைக்காய் ஒரே நாளில் முற்றிவிடுமே என்ற பயத்தில், ஒரு சந்தையில் என்னையறியாமல் கத்திவிட்டேன். மிளகாய் அக்கா, "வந்துடுச்சிடி!" என்று தொடையில் தட்டினாள். அன்றிலிருந்து மறுபடி கூவி விற்றேன். பழைய கர்வம் மட்டும் வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை வீட்டார் முன்னறிவிப்பில்லாமல் ஒரு நாள் நேராகக் கிணற்றடிக்கே வந்துவிட்டார்கள். நான் மல்லாட்டைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தேன், கை முழுக்க மண். அதுவும் திண்டிவனம்தான், ஆனால் வேறு குடும்பம். கணவருக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சைக்கிள் கடை. நல்ல மனிதர். திண்டிவனம் தெருக்களில் நடக்கும்போது, எதிரில் வருகிற எந்த அக்காவாவது அன்றைக்கு டீக்கடையில் உட்கார்ந்திருந்தவளாக இருக்குமோ என்று முதல் சில மாதங்கள் தலை நிமிராமல் நடந்தேன். அவர்களை எனக்குத் தெரியாது. அவர்களுக்கு என்னைத் தெரியும்.

என் பெண் பிறந்த சமயத்தில் அம்மா வந்து என்னுடன் தங்கியிருந்தாள். ஒரு சாயங்காலம் மாமியார், நாத்தனார், கணவர் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு பெண் பார்க்கிற கூத்துகளைப் பற்றித் திரும்பியது. திடீரென்று அம்மா, "எங்க கதையக் கேளுங்க" என்று ஆரம்பித்தாள். நான் கண்ணால் சைகை காட்டினேன், அவள் பார்க்கவில்லை. மெஸ்காரம்மாவை அண்ணி என்று கூப்பிட்டதையும், கலர் வாங்கிக் கொடுத்ததையும், கூடையைத் தூக்கிக்கொண்டு நான் நடந்ததையும் நடித்தே காட்டினாள். அம்மாவுக்கு இவ்வளவு வேடிக்கையாகப் பேசத் தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மாமியார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றியும் அவர்கள் சொன்னதைப் பற்றியும் அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதை மெஸ்ஸோடு முடிந்துவிட்டது.

நானும் சிரித்தேன். பிறகு குழந்தை அழுகிறது என்று எழுந்து உள்ளே போனேன். குழந்தை அழவில்லை, தூங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முகம் சுட்டது.

கொஞ்ச நேரத்தில் அம்மா வந்து வாசற்படியில் நின்றாள்.

"நான் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணியும் இல்லம்மா."

"யாராவது எப்பவாவது இவங்கள்ட்ட சொல்லத்தான் போறாங்க. அதுக்கு முன்னாடி நம்மளே சிரிச்சிட்டா நல்லதுன்னு நெனைச்சேன்."

நான் தலையாட்டினேன். அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்தவள்போல நின்றாள். கூடத்தில் மாமியார் அவளைக் கூப்பிட்டார், அந்த அண்ணி என்கிற இடத்தை மறுபடி ஒரு முறை செய்து காட்டச் சொல்லி. அம்மா என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள்.